பங்குச் சந்தைப் பெரட்டு

சில மாதங்களுக்கு முன் செங்கில் ஒரு நிச்சயதார்த்த வீட்டிற்கு நாம் போயிருந்தோம். தட்டு மாற்றுமுன், வழக்கப்படி, பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளையை நோக்கி, "தம்பி என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். மாமன் நாற்பது ஆண்டு பால்மரம் சீவியவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு தொழிற்சாலை வாசலில் காவல் காத்து ஓய்ந்தவர். மாப்பிள்ளை, "டிரேடிங் செய்கிறேன் மாமா" என்றார். "எந்தக் கம்பெனியில்?" "கம்பெனி இல்லை மாமா, சொந்தமாக, வீட்டிலிருந்தே." சபையில் ஒரு மரியாதையான முணுமுணுப்பு எழுந்தது. மாமன் விடவில்லை. "மாதம் எவ்வளவு கிடைக்கும்?" "அது நாளைப் பொறுத்தது மாமா. ஒரு நாள் ஐந்நூறு வரும், ஒரு நாள் ஆயிரமும் வரும்." "வராத நாள்?" இதற்கு மாப்பிள்ளை சிரித்தார். "பன்னிரண்டு மாதக் கணக்குச் சீட்டு இருக்குமே தம்பி, அதைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார் மாமன். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் இது என்ன பேச்சு என்று பெரியவர்கள் அவரை அடக்கிவிட்டனர். தட்டு மாறியது.

அன்று வாயடைக்கப்பட்ட அக்கேள்வியை நாம் இங்கே எடுத்துக் கேட்பதென்று தீர்மானித்தோம். ஏனெனில் இது ஒரு மாப்பிள்ளையின் விஷயம் அன்று. செங்கிலும் க்ருபோங்கிலும் பத்து பெரெண்டாமிலும், ரப்பர் மரம் நின்ற நிலத்தில் தாமான்களும் தொழிற்பேட்டையும் எழும்பியிருக்கும் இவ்வட்டாரமெங்கும், தொழில் என்னவென்று கேட்டால் இந்த விடையைச் சொல்லும் இளைஞரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அவருள் நன்றாகப் படித்தவர் உண்டு. கெட்ட பழக்கம் ஏதும் இல்லாதவர் உண்டு. கள்ளுக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர் உண்டு. ஆகையினாலேயே பெற்றோர் ஏமாறுகின்றனர். பையன் வெளியே சுற்றுவதில்லை, வீட்டிலேயே இருந்து சம்பாதிக்கிறான் என்று தாய்மார் பெருமை பேசக் கேட்டிருக்கிறோம்.

அப்படி வீட்டிலேயே இருந்து அவர் செய்வது என்ன? அவர்களிடமே கேட்டறிந்தபடி ஒரு நாளை எழுதுகிறோம். காலை ஆறு மணிக்கு விழிப்பு, விழித்ததும் கைபேசி. நியூயார்க்கில் இரவு எப்படி முடிந்தது, கச்சா எண்ணெய் என்ன விலை, செம்பனை எண்ணெய் என்ன விலை, டெலிகிராம் குழுவில் 'அண்ணன்' எந்தப் பங்கின் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்பனவெல்லாம் பல் துலக்குமுன் பார்த்தாக வேண்டும். எட்டரை மணிக்குச் சந்தைக் கதவு பாதி திறக்கும். விலை கேட்டு எழுதி வைக்கலாம், பங்கு கைமாறாது. ஒன்பதுக்கு முழுக்கத் திறக்கும். ஒன்பதிலிருந்து பத்து வரை அவரிடம் பேசலாகாது. தாய் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை கட்டிப் போகும். திரையில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி மின்னும். இவர் முகமும் அவ்வண்ணமே மாறும். பன்னிரண்டரைக்கு இடைவேளை. சோறு தொண்டையில் இறங்கிய நாளும் உண்டு, இறங்காத நாளும் உண்டு. இரண்டரைக்கு மீண்டும் திறப்பு. நாலே முக்காலுக்குக் கடைசி விலை கட்டும் நேரம், ஐந்துக்கு அடைப்பு. கையிலிருப்பதை அன்றைக்கே விற்றுக் கை கழுவிவிட வேண்டும் என்பதே நாள் வணிகரின் முதல் விதி. காலையில் அவ்விதியைச் சொன்னவரே மாலையில், 'நாளை ஏறும்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, நஷ்டப் பங்கைத் தூக்கிக்கொண்டு படுக்கப் போவார். படுப்பதும் உடனே இல்லை. இரவு ஒன்பதரைக்கு, அங்கே குளிர்காலமாயின் பத்தரைக்கு, நியூயார்க் திறக்கிறதே!

நம் பாட்டனாரும் விடியுமுன் எழுந்தவர்தாம். பெரட்டுக் களத்தில் தண்டல் பெயர் வாசித்தார். இவர் 'ஆஜர்' என்றார். இருட்டோடு நிரையில் இறங்கி, மரம் மரமாகச் சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, காண்டா கட்டித் தூக்கிவந்து ஸ்டோரில் நிறுக்கக் கொடுத்தார். கிராணி குறைத்து எழுதினார் என்பதும், மழை நாளில் வேலையும் இல்லை கூலியும் இல்லை என்பதும், அவ்வாழ்க்கை அடிமை வாழ்க்கைக்கு அடுத்த படி என்பதும் யாவரும் அறிந்ததே. அதை மீண்டும் வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் அல்லர் நாம். ஆயினும் நண்பகலில் அவர் முன் நிறுப்பதற்கு ஒரு வாளி பால் இருந்தது. உலகத்தில் எங்கோ ஒரு வண்டிச் சக்கரம் அதனால் உருண்டது. ஐந்து மணிக்குத் திரையை மூடும் அவருடைய பேரன் எதை நிறுக்கிறான்? 'சந்தைக்கு ஓட்டம் கொடுக்கிறோம்' என்று ஓர் இளைஞர் நமக்கு விடை சொன்னார். நல்லது, ஓட்டம் கொடுப்பதற்குக் கூலி யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

கணக்கை எழுதியே பார்த்துவிடலாம். ஓர் இளைஞர் கையில் 5,000 வெள்ளி இருக்கிறது. நம்மவர் பெரும்பாலும் நாடுவது சில்லறைப் பங்குகளை. அதாவது ஒரு வெள்ளிக்குக் கீழே, இருபது காசு, முப்பது காசு என்று விற்பவற்றை. கொஞ்சப் பணத்தில் நிறைய வாங்கலாம் என்ற ஆசை. 20 காசு வீதம் 25,000 பங்கு வாங்குகிறார். தரகுக் கூலி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மலிவாக 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தீர்வகத்துக்கு 10,000-க்கு 3 வீதம் 1 வெள்ளி 50 காசு. முத்திரை வரி ஆயிரத்துக்கு 1 வெள்ளி வீதம் 5 வெள்ளி. ஆக 14 வெள்ளி 50 காசு. விற்கும்போது மறுபடியும் ஏறத்தாழ அதுவே. போகவர 29 வெள்ளி. நாளுக்கு ஒரே ஒரு முறை வாங்கி விற்றாலும் மாதம் இருபது நாளில் 580 வெள்ளி. முதலில் இது நூற்றுக்குப் பதினொன்றரைக்கு மேல்! நம் நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர், ஈடு இல்லாத கடனுக்கும், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து நூற்றுக்கு 18-க்கு மேல் வாங்கக் கூடாது. இந்த இளைஞர் இரண்டு மாதம் முடியுமுன் அதைவிட அதிகமாகக் கட்டிவிடுகிறார். அதுவும் கடன் வாங்கியதற்காக அன்று. தம்முடைய சொந்தப் பணத்தைத் தாமே தொடுவதற்காக!

இதோடும் முடியவில்லை. ஒரு வெள்ளிக்குக் கீழ்ப்பட்ட பங்கின் விலை அரைக் காசு அரைக் காசாகவே அசையும் என்பது சந்தையின் விதி. 20 காசுப் பங்குக்கு அரைக் காசு என்பது நூற்றுக்கு இரண்டரை. விற்பவன் 20 என்பான். வாங்குகிறவன் பத்தொன்பதரை என்பான். 20-க்கு வாங்கிய அதே நொடியில் மனம் மாறி விற்க நேர்ந்தால், 25,000 பங்குக்கு 125 வெள்ளி போயிற்று. கட்டணத்தையும் சேர்த்தால் 154 வெள்ளி. பங்கு ஏறவில்லை, இறங்கவில்லை. இளைஞர் ஒரு நாள் கூலிக்கு மேல் இழந்துவிட்டார். தரகருக்கோ, இவர் லாபத்தில் விற்றாலும் கூலி, நஷ்டத்தில் விற்றாலும் கூலி. தோட்டத்தில் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் வேலைக்கு வந்தால் போதும், ஆள் வாழ்ந்தானா என்பது அவர் கணக்கில் இல்லை. நிச்சயதார்த்த வீட்டில் மாமன் கேட்ட சீட்டில் முதலில் பார்க்க வேண்டிய பத்தி இந்தக் கட்டணப் பத்தியே என்று நாம் சொல்லுவோம்.

கையில் பணமே இல்லாதவருக்கும் சந்தை ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. அதற்குக் 'கான்ட்ரா' என்று பெயர். இன்று வாங்கிய பங்குக்கு இரண்டு வேலை நாள் கழித்துப் பணம் கட்டினால் போதும். 2019 ஏப்ரல் வரை இத்தவணை மூன்று நாளாக இருந்தது. அதற்குள் விற்றுவிட்டால் வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளலாம். ஏறியிருந்தால் பெறலாம், இறங்கியிருந்தால் கட்ட வேண்டும். பணம் போடாமல் பணம் பண்ணும் இம்மந்திரத்தைக் கேட்டபோது நமக்கு நாகப்பட்டினத்துக் கப்பல்தான் நினைவுக்கு வந்தது. 'நீ காசு ஒன்றும் தர வேண்டாம், கப்பல் கூலியை நான் போடுகிறேன், அங்கே போய்ச் சம்பாதித்துக் கட்டு' என்று சொல்லித்தானே கங்காணி நம் முன்னோரை ஏற்றிவந்தான்? இறங்கிய நாள் முதல் அவர்கள் பெயர் பற்று வரியில் இருந்தது. கான்ட்ரா நஷ்டத்தைக் கட்டத் தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போன வீட்டையும், அங்கிருந்து ஆலோங்கின் வாசலுக்குப் போன வீட்டையும் நாம் அறிவோம். பெயர் சொல்ல மாட்டோம். அவ்வீட்டார் இதை வாசிக்கக் கூடும்.

'எல்லாரும் தோற்பதில்லை, கற்றுக்கொண்டவன் ஜெயிப்பான்' என்பது இவர்கள் கட்சி. இதற்கு நாம் விடை சொல்ல வேண்டியதில்லை, கணக்கெடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிரேசில் நாட்டில் 2013 முதல் 2015 வரை குறியீட்டு ஒப்பந்தங்களில் நாள் வணிகம் தொடங்கிய 19,646 பேரைப் பொருளாதார அறிஞர் மூவர் பின்தொடர்ந்தனர். முந்நூறு நாளுக்கு மேல் விடாமல் நின்றவர் 1,551 பேர். அதாவது, ஓடிப்போனவர் போக, பழகியவர்கள், பாடம் கற்றவர்கள். அவர்களில் நூற்றுக்கு 97 பேர் நஷ்டப்பட்டனர். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிட அதிகம் ஈட்டியவர் 17 பேர். வங்கியில் புதிதாகச் சேர்ந்த காசாளரின் சம்பளத்தை மிஞ்சியவர் 8 பேர். நாள் ஆக ஆகக் கைதேர்ந்தனர் என்பதற்கு அவ்வறிஞருக்கு அடையாளமே கிடைக்கவில்லை.

பிரேசில் தூரம் என்பாருக்கு இந்தியாவைக் காட்டுகிறோம். அந்நாட்டின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு வாரியமாகிய செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில், பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்ற தனிநபர் பத்துப் பேரில் எழுவர் நஷ்டப்பட்டனர். ஆண்டுக்கு ஐந்நூறு முறைக்கு மேல் கைமாற்றியவரில் நூற்றுக்கு 80 பேர். முப்பது வயதுக்குட்பட்டவரில் 76 பேர். இளமையும் சுறுசுறுப்பும் எங்கும் நன்மை தரும் என்பார்கள். இங்கே அவை இரண்டும் சேர்ந்து ஆளைக் கவிழ்க்கின்றன. அதிகம் உழைத்தவன் அதிகம் இழக்கிற ஒன்றைத் தொழில் என்று எந்த மொழியில் சொல்வது?

நம் நாட்டின் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாராவே 1992 முதல் 1994 வரை அந்நிய நாணயச் சந்தையில் இறங்கி விளையாடி 3,150 கோடி வெள்ளி இழந்தது என்று 2017-இல் அமைந்த அரச விசாரணை ஆணையம் கண்டது. ஒரு தேசத்தின் கருவூலம் பின்னால் இருந்தது. படித்த நிபுணர் இருந்தனர். உலகத்துச் செய்தியெல்லாம் நொடிக்கு நொடி வந்துகொண்டிருந்தது. அங்கேயே அப்படியென்றால், மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு, மாதத் தவணையில் வாங்கிய கணினியோடு உட்கார்ந்திருக்கும் நம் தம்பியை எதிர்த்து மறுபுறம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் யோசித்ததுண்டா? அவர் ஒரு பங்கை வாங்கும்போது அதை விற்கிறவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும். அவன் பெரிய நிதி நிறுவனமாயிருக்கலாம்; கண் இமைக்குமுன் ஆயிரம் உத்தரவு போடும் இயந்திரமாயிருக்கலாம்; அல்லது முந்தின வாரமே மலிவாய் வாங்கி வைத்துக்கொண்டு, இன்று காலை டெலிகிராமில் இப்பங்கின் பெயரை உச்சரித்த அந்த 'அண்ண'னாகவே இருக்கலாம்.

நிற்க. நாம் இந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குத் தனியே ஒரு காரணம் உண்டு. மலாயாவில் ரப்பர் முதன்முதல் வியாபாரத்திற்காகப் பயிரிடப்பட்டது மலாக்காவிலேதான். 1896-இல் டான் சே யான் என்னும் சீனப் பிரமுகர் புக்கிட் லிந்தாங்கில் பயிரிட்டார். 1910-இல் வில்லியம் சைம், ஹென்றி டார்பி என்னும் வெள்ளையர் இருவர் மலாக்காவிலே தொடங்கியதுதான் சைம் டார்பி கம்பெனி. அதே 1910-இல் லண்டனில் ரப்பர் பங்குப் பித்து தலைக்கேறியது. ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் போயிற்று. இந்நாட்டின் மண்ணை மிதித்தறியாதவர்களெல்லாம் தோட்டக் கம்பெனிப் பங்குகளைக் காலையில் வாங்கி மாலையில் விற்றனர். மரம் நட்டிராத தோட்டத்துக்கும் பங்கு விற்றது. 1922-க்குள் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே விழுந்தது. அங்கே சூதாடியவர் சிலர் சொத்தை இழந்தனர். இங்கே சூதாடாத நம்மவர் கூலி குறைந்தது. 1930-களின் தொடக்கத்து மந்தத்தில் ஆயிரமாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர்.

மறுபடி 1981 செப்டம்பர் 7-ஆம் நாள். லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனம் கத்ரி கம்பெனியின் ஆதிக்கப் பங்குகளை வாங்கி முடித்தது. 'விடியற்காலைத் தாக்குதல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நாட்டின் சொத்து நாட்டுக்குத் திரும்பியது என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அன்று காலையிலும் கத்ரி தோட்டங்களில் பெரட்டு நடந்தது, மரம் சீவப்பட்டது, லயத்திற்குத் திரும்பியவர்கள் தங்கள் முதலாளி மாறிவிட்டதை அறியவில்லை. அறிந்த பிறகும் அவர்களுடைய லயம் மாறவில்லை. நூறு ஆண்டுகளாக இவ்வாட்டத்தில் நாம் இருந்த இடம் அது: ஆடுகிறவர் கையிலும் அல்ல, பார்க்கிறவர் வரிசையிலும் அல்ல, பலகையின்மேல் வைக்கப்பட்ட காயாக. இப்போது நம் பிள்ளைகள் தாங்களும் ஆடப் போகிறோம் என்கிறார்கள். மேலே எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள், இடம் மாறியிருக்கிறதா?

இந்த ஊரின் நினைவு அத்தனை குறுகியதா என்றும் நமக்கு வியப்பாக இருக்கிறது. 1993-இல் மலாக்கா பட்டணத்துத் தரகர் கூடங்களில் ஆசிரியரும் டாக்சி ஓட்டுநரும் வேலையை விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நாற்பத்தைந்து வயது கடந்த எவரும் சொல்வார். 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளியில் நின்ற கோலாலம்பூர்க் குறியீடு, 1998 செப்டம்பர் முதல் நாளில் 262-க்கு இறங்கியது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 அக்டோபரில், ஒன்பது வெள்ளிக்கு மேல் விற்ற டாப் கிளவ் ரப்பர்க் கையுறைப் பங்கு, 2022 முடிவதற்குள் ஒரு வெள்ளிக்குக் கீழே கிடந்தது. வேலையில்லாமல் வீட்டில் அடைபட்டிருந்த அந்நாட்களில்தான் நம் இளைஞர் பலர் இத்தொழிலுக்கு அடியெடுத்து வைத்தனர். கையுறை ஏறிய மாதங்களில் யார் எதை வாங்கினாலும் லாபம். முதல் மாதம் ஜெயிப்பதைவிடப் பெரிய துரதிருஷ்டம் ஒரு புதியவனுக்கு இல்லை.

எதிர்க் கட்சியாரின் வாதத்தில் ஒன்றே ஒன்று நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைத்தது. 'எங்கள் பெற்றோர் மைக்காவில் போட்டார்களே, என்ன ஆயிற்று?' என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. 1982-இல் சமூகத்தை உயர்த்துவதாகச் சொல்லித் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறத்தாழ 66,000 பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் கொட்டினர். அவர்களில் பெருவாரியானோர் தோட்டத்துப் பாட்டாளிகள். நகையை அடகு வைத்துப் போட்டவர் உண்டு. இருபத்தெட்டு ஆண்டு கழித்து, 2010-இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருகிறோம் என்று வேறொரு நிறுவனம் முன்வந்தபோது, அதுவாவது கிடைத்ததே என்று கிழவர்கள் வரிசையில் நின்றனர். இந்தக் காயம் ஆறாதது. 'இனி எங்கள் பணத்தைத் தலைவர் கையில் கொடுக்க மாட்டோம், நாங்களே ஆள்வோம்' என்று இளைஞர் சொன்னால் அதில் ஒரு சுயமரியாதை இருக்கிறது. நாம் அதை மதிக்கிறோம். ஆனால் தெரிந்த தலைவரிடம் ஒரு முறை கொடுத்து ஏமாந்ததற்கு மாற்று, முகம் தெரியாதவனிடம் நாளுக்கு நாலு முறை கொடுப்பதா? தந்தையார் மைக்காவில் நூற்றுக்கு இருபது இழக்க இருபத்தெட்டு ஆண்டு ஆயிற்று. தனயர் அதை இரண்டு மாதத்தில் செய்து முடிக்கிறார்.

பங்கு வைத்திருப்பதே குற்றம் என்று நாம் சொல்லுவதாக யாரும் திரிக்க வேண்டாம். நல்ல கம்பெனியின் பங்கை வாங்கி, பெட்டியில் பூட்டி, பத்து ஆண்டு மறந்திருப்பவரோடு நமக்கு வழக்கு இல்லை. ஊழியர் சேமநிதியும் பங்குகளில்தான் ஒரு பெரும் பகுதியைப் போடுகிறது. அது 2023-க்கு நூற்றுக்கு 5.50-உம் 2024-க்கு 6.30-உம் லாபம் கொடுத்தது; யாரும் ஒன்பது மணிக்குத் திரைமுன் உட்காராமல், தேநீர் ஆறாமல். கொள்ளைநோய்க் காலத்தில் அந்நிதியிலிருந்து நான்கு திட்டங்களின் வழியாக 14,500 கோடி வெள்ளி வெளியே எடுக்கப்பட்டது. பசிக்கு எடுத்தவரை நாம் குறை சொல்லோம். ஆனால் 2024 மே மாதம் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒரு மூன்றாம் கணக்கு திறக்கப்பட்டிருக்கிறதே, அதிலிருந்து எடுத்துச் 'சந்தையில் பெருக்குகிறேன்' என்று மனைவியிடம் சொன்ன ஒருவரை நாம் நேரில் அறிவோம். பெருக்கியது போதும், மிச்சத்தையாவது கூட்டி அள்ளு என்று அவ்வம்மையார் துடைப்பத்தைக் காட்டினாராம்.

இனி, இத்தொழிலில் உண்மையாகவே சம்பாதிக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதாவிட்டால் கட்டுரை குறையுடையதாகும். கற்றுக் கொடுக்கிறவர்கள்! ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் மண்டபத்தில், சில வேளை நம்முடைய கோயில் மண்டபத்திலேயே, 'நிதி விடுதலை' வகுப்பு நடக்கிறது. முதல் வகுப்பு இலவசம். இரண்டாவதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். குளிரூட்டிய அறை, கோட்டு, வாடகைக் கார், தமிழ்ப் பற்று, 'நம் இனம் முன்னேற வேண்டாமா' என்ற உருக்கம். இப்படி நாளுக்கு ஆயிரம் வெள்ளி சம்பாதிக்கும் வித்தை தெரிந்தவர், அதைச் செய்யாமல், ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லாமல், நமக்குக் கற்பிக்க ஏன் பாடுபடுகிறார் என்று மண்டபத்தில் ஒருவரும் கேட்பதில்லை. 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி, இன்ன பங்கை வாங்கு, இன்னதை விற்று விடு என்று ஆலோசனை சொல்லும் தொழிலுக்குப் பங்கு ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பு அத்தோடு கலைந்துவிடும். கோயில் நிர்வாகத்தாரை நாம் நேராகவே கேட்கிறோம்: கூட்டுச் சீட்டு பிடிப்பவனுக்கு மண்டபம் கொடுப்பீர்களா? சட்டம் தடுக்கிறது என்பீர்கள். இதற்கு மட்டும் விளக்குப் போட்டுக் குளிரூட்டியும் ஓட்டுவது எந்த நியாயம்?

இராகு காலத்தில் பங்கு வாங்குவதில்லை என்று ஒரு பட்டதாரி நம்மிடம் சொன்னதையும் இங்கேயே எழுதிவிடுகிறோம். சந்தை திறக்கும் ஐந்து நாளிலும் இராகு காலம் வருகிறது. அந்நேரம் விற்கிற சீனரும் மலாய்க்காரரும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஆயினும் அந்தப் பட்டதாரி நாளுக்கு ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்கிறார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் பணம் பத்திரமாக இருக்கிறது. பஞ்சாங்கத்தால் விளைந்த நன்மை என்று நாம் ஒப்புக்கொள்ளும் ஒரே நன்மை இதுவே.

'அப்படியானால் நாங்கள் 1,700 வெள்ளிக்குப் பன்னிரண்டு மணி நேரம் காவல் காக்க வேண்டுமா?' என்று இளைஞர் சீறுவார். சீறட்டும், அச்சீற்றத்தில் உண்மை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் அவ்வளவாக உயர்த்தப்பட்டது. அதைக் கொண்டு மலாக்காவில் வாடகை கொடுத்து, மோட்டார்வண்டித் தவணை கட்டி, பிள்ளை வளர்ப்பது எப்படி என்று உயர்த்தினவர்கள் சொல்லவில்லை. தோட்டம் விற்றுக் கோடி கண்ட கம்பெனிகள், மூன்று தலைமுறையாக மரம் சீவினவனுக்கு வீடும் கொடுக்காமல், கைத்தொழிலும் கொடுக்காமல், சொற்பத் தொகையைக் கையில் வைத்து வெளியேற்றின. அந்தப் பேரப்பிள்ளைதான் இன்று திரைமுன் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய கோபம் நியாயமானது. அதைச் செலுத்துகிற இடம்தான் தவறு. செங் தொழிற்பேட்டையில் பற்றவைப்பவருக்கும் மின்னியந்திரம் பழுது பார்ப்பவருக்கும் ஆள் கேட்டு வாசலில் அட்டை தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அவ்வேலைக்குப் பயிற்சி பெற ஓராண்டு, ஈராண்டு ஆகும். சட்டையில் அழுக்குப் படும். நிச்சயதார்த்தத்தில் முணுமுணுப்பு எழாது. தொழிற்சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்பதற்கு இன்னும் அதிக நாள் ஆகும். ஒரு நாளில் ஆயிரம் வெள்ளி என்று கேட்டுப் பழகிய காதுக்கு இவை இனிக்க மாட்டா என்பது நமக்குத் தெரியும்.

பெற்றோர்களுக்கு மட்டும் ஒரு சொல். பையன் ஜெயித்த நாளில் உங்களிடம் சொல்கிறான். கோழி வாங்கி வருகிறான். தோற்ற நாளில் தலைவலி என்று படுத்துக்கொள்கிறான். கோழி வந்த நாளையும் தலைவலி வந்த நாளையும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். பாட்டனார் எழுத்தறியாதவர், ஆயினும் கிராணி எழுதிய பவுண்டைத் தம் வீட்டுச் சுவரில் கரிக்கோடு இழுத்துச் சரிபார்த்தவர். தரகு நிறுவனம் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சீட்டு அனுப்புகிறது. மாதக் கணக்கும் அனுப்புகிறது. அதை மறைக்க வேண்டியவன் மறைப்பான். மறைக்க ஒன்றும் இல்லாதவன் காட்டுவான்.

அந்தச் செங் வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. நமக்கும் அழைப்பு வந்திருக்கிறது. சென்ற வாரம் தாய்மாமனைக் கடைத்தெருவில் கண்டபோது, சீட்டு வந்ததா என்று விசாரித்தோம். இன்னும் இல்லை என்றார்.